முதுமையும் மறதி நோயும்: குடும்பத்தின் கடமை, ஆலயத்தின் கடமை

(ஆலய ஆண்டுத் திருவிழாவையொட்டித் திருமண மண்டபத்தில் நடைபெற்ற முதியோர் நல நிகழ்ச்சியில், ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருவிழாக் காலத்தில் ஆண்டவனின் பெருமையைப் பேசுவதே வழக்கம். ஆனால், இவ்வாண்டு நிர்வாகக் குழுவினர் என்னை அழைத்து, "நம் கோயிலுக்கு நாள்தோறும் வந்துகொண்டிருந்த முதியவர்கள் சிலர் இப்போது வருவதில்லை. கேட்டால், 'அவருக்கு நினைவு சரியில்லை' என்கிறார்கள். அதைப் பற்றி நீங்கள் பேச வேண்டும்" என்று பணித்தார்கள். நான் மருத்துவர் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்ட மருந்தகங்களில் பணியாற்றியவன். நம் மக்கள் 'டிரெசர்' என்று அழைத்தார்களே, அந்தத் தொழிலைச் செய்தவன். அத்துடன், இந்நோய் கண்ட ஒரு தாயின் மகன். இவ்விரண்டு தகுதிகளைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை.

நம் முதியோர் யார்?

நம் மலாக்கா மாநிலத்திற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இந்நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் தோன்றியது இங்கேதான். 1896-ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்னும் மலாக்கா வணிகர் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கர் நிலத்தில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்னர் புக்கிட் அசஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கராக அது விரிந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகப் பெருக, அவற்றை நம்பி நம் முன்னோர் வந்தனர். காடு திருத்தியவர்களும் பால் மரம் சீவியவர்களும் அவர்களே. தோட்டத்திற்கு ஒரு மாரியம்மன் கோயிலையும் ஒரு தமிழ்ப்பள்ளியையும் எழுப்பியவர்களும் அவர்களே.

இன்று அத்தோட்டங்களில் பலவற்றில் ரப்பர் மரம் இல்லை, செம்பனை நிற்கிறது. சில தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயத்து வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் நகரத்து வரிசை வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பிள்ளைகளுக்கு அது முன்னேற்றம், அதில் ஐயமில்லை. ஆனால், ஐம்பது ஆண்டுகள் ஒரே மண்ணில் நடந்து பழகிய கால்களுக்கு அது வேரோடு பிடுங்கப்பட்ட நிலை. இதனை நாம் மனத்தில் இருத்திக்கொண்டால்தான், நம் முதியோரின் மறதி எந்தத் திசையில் செல்கிறது என்பது விளங்கும்.

என் தாயாரின் கதை

என் தாயார் 1936-இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததில்லை. பதின்மூன்று வயதில் உளியைக் கையில் எடுத்தவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சோறு வடித்து, கடைசிப் பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டு, பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, இருள் பிரியும் முன் தம் நிரையில் நிற்பார். குளிர்ந்த காலைப் பொழுதில்தான் மரத்தில் பால் நன்றாக ஊறும் என்பதால் தோட்டத்தின் கடிகாரமே அப்படி அமைந்திருந்தது. அந்தக் கடிகாரம் அவர் உடம்பிலும் ஏறிவிட்டது.

2009-ஆம் ஆண்டு வாக்கில் சிறு சிறு மாற்றங்கள் தோன்றின. குழம்பில் உப்பை இரண்டு முறை போட்டார். கடைக்காரர் கொடுத்த மீதிப் பணத்தை எண்ணத் தடுமாறினார். சற்றுமுன் கேட்ட கேள்வியையே மீண்டும் கேட்டார். என் துணைவியார்தாம் முதலில் கவனித்தார். "அத்தைக்கு ஏதோ ஆகுதுங்க" என்றார். நானோ, "வயசாச்சு, அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். ஆயிரம் பேருக்கு மருந்து கொடுத்த எனக்கு, என் வீட்டு நோயைக் கண்டுகொள்ள ஏறத்தாழ ஈராண்டுகள் ஆயின. அந்த ஈராண்டும் நான் அவரைத் திருத்திக்கொண்டும் கடிந்துகொண்டும் இருந்தேன். "இப்பதானே சொன்னேன், மறுபடியும் கேக்கிறீங்களே" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! இன்று இம்மேடையில் நான் நிற்பதற்கு அந்தக் குற்றவுணர்வும் ஒரு காரணம்.

ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. சூராவுக்குத் தொழுகைக்குச் சென்ற மலாய் அண்டைவீட்டார் என் தாயாரைக் கைப்பிடித்து அழைத்து வந்திருந்தார். பெருஞ்சாலை ஓரமாகக் குளியலறை வாளியைக் கையில் ஏந்தி நடந்துகொண்டிருந்தாராம். "பெரட்டுக்கு நேரமாச்சு, கங்காணி ஏசுவாரு" என்பதே அவர் சொன்ன ஒரே சொல். அவர் தேடிச் சென்ற மரங்கள் வெட்டப்பட்டு இருபது ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. அன்றுதான் இது முதுமை அன்று, நோய் என்று என் மூளைக்கு எட்டியது.

இது என்ன நோய்?

மறதி நோயை ஆங்கில மருத்துவத்தில் 'டிமென்ஷியா' என்பர். மலாய்க்காரர்கள் 'ஞாஞோக்' என்பர். யாழ்ப்பாணத்துத் தமிழர் 'அறளை பெயர்தல்' என்று அழகாகச் சொல்வர். நாம், 'புத்தி தடுமாறிவிட்டது', 'குழந்தை ஆகிவிட்டார்' என்கிறோம். பெயர்கள் பல இருப்பதிலிருந்தே இது புதிய நோய் அன்று என்பது தெரியவரும். நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். ஆனால் அதனை முதுமையின் இயல்பு என்று விட்டுவிட்டார்கள்.

1901-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மருத்துவமனையில் 51 வயதுப் பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டார். கணவர்மீது காரணமில்லாத ஐயம், பொருளை ஒளித்து வைத்தல், தம் பெயரையே எழுத இயலாமை ஆகியவை அவரிடம் காணப்பட்டன. அவரைக் கவனித்தவர் அலோய்ஸ் அல்ஸைமர் என்னும் மருத்துவர். 1906-இல் அப்பெண்மணி இறந்தபின் அவருடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, உயிரணுக்களுக்கு வெளியே படிந்த கசடுகளையும் உள்ளே முறுக்கிக்கொண்ட நார்களையும் கண்டறிந்து, அவ்வாண்டே மருத்துவர் கூட்டமொன்றில் அறிவித்தார். 1910-இல் அந்நோய்க்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இந்த அல்ஸைமர் நோய்தான். அடுத்தது, மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது. பக்கவாதம் கண்டவர்களுக்கும், நீண்டகாலம் இரத்தக் கொதிப்பையும் நீரிழிவையும் கவனியாது விட்டவர்களுக்கும் இது வரும். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

அல்ஸைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது, புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியை. அதனால்தான் காலையில் உண்ட பசியாறலை மறந்தவர், அறுபது ஆண்டுகளுக்கு முன் தம் திருமணத்திற்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்கிறார். அதைக் கேட்டு, "பழசெல்லாம் நினைவிருக்கிறதே, இது எப்படி மறதி நோய்? வேண்டுமென்றே நடிக்கிறார்" என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. அன்பர்களே, அது நடிப்பு அன்று. நோயின் இலக்கணமே அதுதான்.

எண்கள் சொல்வது என்ன?

2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. நம் நாட்டில் சுகாதார அமைச்சு 2018-இல் முதியோரிடையே நடத்திய தேசிய ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களுள் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய்க்கான அறிகுறிகள் இருப்பது தெரிய வந்தது. அதாவது, பன்னிருவரில் ஒருவர். இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் முதியோரை மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். அவ்வாய்வில் ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தாரைவிட நாட்டுப்புறத்தாரிடமும், பள்ளி செல்லாதவர்களிடமும் அது கூடுதலாகக் காணப்பட்டது. பெண், நாட்டுப்புறம், பள்ளி செல்லாதவர் என்னும் மூன்று சொற்களையும் சேர்த்துப் பாருங்கள். அது நம் தோட்டத்துத் தாய்மார்களின் உருவம் அன்றோ?

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் கெடுக்கும் என்பது நமக்குத் தெரியும். அது மூளையையும் கெடுக்கும் என்பதனை நாம் இன்னும் உணரவில்லை.

எது மறதி, எது நோய்?

மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது மறதி. கண்ணாடி எதற்கு என்பதே தெரியாமல் கையில் வைத்துத் திகைப்பது நோய். பக்கத்து வீட்டாரின் பெயர் நாவில் வராமல் பின்னர் வருவது மறதி. பெற்ற மகளைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்பது நோய். அவ்வளவு தூரம் முற்றும் முன்னரே தென்படும் அடையாளங்களைத் தாய்மார்கள் குறித்துக்கொள்ள வேண்டும்:

• சற்றுமுன் நடந்ததை மறத்தல். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டல்.
• நெடுநாள் செய்து பழகிய சமையல், கணக்கு, பூசை முறை ஆகியவற்றில் வரிசை தவறுதல்.
• நன்கு தெரிந்த பாதையில், கோயிலிலிருந்து வீட்டிற்குத் திரும்பும் வழியிலேயே, திகைத்து நிற்றல்.
• நாள், கிழமை, காலை மாலை குழம்புதல்.
• பொருளைப் பொருந்தாத இடத்தில் வைத்துவிட்டு, "மருமகள் திருடிவிட்டாள்" என்று பழி சுமத்துதல்.
• கலகலப்பாக இருந்தவர் ஒதுங்குதல், அமைதியானவர் சினங்கொள்ளுதல்.

ஐந்தாவதாகச் சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். நம் குடும்பங்களில் மாமியார் மருமகள் சண்டை என்று எண்ணப்படுபவற்றுள் சில, உண்மையில் இந்நோயின் முதல் அடையாளமே. "என் தோட்டைக் காணோம், நீதான் எடுத்தாய்" என்று என் தாயார் என் துணைவியாரைச் சொன்னபோது வீடே இரண்டுபட்டது. மூன்று மாதம் கழித்து அந்தத் தோடு அரிசி டின்னுக்குள் கிடைத்தது. பேச்சு நின்றுபோயிருந்த அந்த மூன்று மாதங்களை யார் திருப்பித் தர இயலும்?

முதலில் கிளினிக், பிறகு முடிவு

நினைவு தடுமாறும் முதியவரை முதலில் கோயிலுக்கு அழைத்து வந்து அர்ச்சனை செய்கிறார்கள். மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். செய்யட்டும், அது மனத்திற்கு ஆறுதல். ஆனால், 'செய்வினை', 'காற்றுக் கருப்பு' என்று சொல்லிப் பணம் பறிப்பவர்களிடம் மாதக்கணக்காக அலைந்து காலத்தை வீணாக்கக் கூடாது. ஏனெனில், மறதி நோய்போல் தோன்றும் எல்லாம் மறதி நோய் அல்ல. தைராய்டு சுரப்பி குறைவாக வேலை செய்தல், பி12 வைட்டமின் குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்க விளைவு ஆகியவையும் நினைவைத் தடுமாறச் செய்யும். அவற்றுக்கு மருத்துவம் உண்டு. நான் பணியாற்றிய தோட்டமொன்றில் ஒரு பெரியவர் குளியலறையில் வழுக்கித் தலையில் அடிபட்டார். அப்போது ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள். மூன்று வாரங்களுக்குப் பின் உளறவும் தடுமாறவும் தொடங்கினார். "வயசு" என்றார்கள். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிப் படம் எடுத்ததில் மண்டையோட்டுக்குள் இரத்தம் உறைந்திருந்தது. அறுவை செய்தார்கள். பழையபடி வந்து கோயிலில் உடுக்கை அடித்தார். 'வயசு' என்று விட்டிருந்தால் அவர் மாண்டிருப்பார்.

இன்னொன்றையும் நினைவிற்கொள்க. ஓரிரு நாள்களுக்குள் திடீரென்று ஒருவர் குழம்பிப் பிதற்றினால், அது மெல்ல வளரும் மறதி நோய் அன்று. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் காய்ச்சல், உடலில் நீர் வற்றுதல், சர்க்கரை இறங்குதல், பக்கவாதம் ஆகிய ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

உண்மையான மறதி நோய் என்று உறுதியானால், அதனை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் முதலிய மருந்துகள் சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கும். நோயின் தொடக்கக் கட்டத்தில் அதன் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் 2023 முதல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றுள்ளன. அவை விலை மிக்கவை, கண்காணிப்பு மிகத் தேவைப்படுபவை, எல்லாருக்கும் பொருந்தாதவை. எனவே, "ஒரே மாதத்தில் குணமாகும்" என்று விற்கப்படும் எந்த மருந்தையும் நம்பாதீர்கள். இந்நோய்க்கு இன்றுள்ள பெரிய மருந்து, வீட்டாரின் நடத்தையே.

பராமரிப்பில் நான் கற்ற பாடம்

என் தாயாரின் தந்தையார், என் பாட்டனார், ஜப்பானியர் காலத்தில் 1943-இல் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற பல்லாயிரம் தமிழர்களைப்போல் அவரும் திரும்பவில்லை. அப்போது என் தாயாருக்கு ஏழு வயது. நோய் முற்றியபின், பொழுது சாயும் நேரமானால் அவர் வாசற்படியில் வந்து அமர்ந்து, "அப்பா சயாம்லேருந்து வந்துட்டாரா?" என்று கேட்பார். நான் உண்மையைச் சொன்னேன். "அவர் இறந்து அறுபது எழுபது வருஷம் ஆச்சும்மா" என்றேன். அவர் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்பவர்போல் மார்பில் அறைந்துகொண்டு அழுதார். மறுநாள் மாலை மீண்டும் அதே கேள்வி. மீண்டும் அதே உண்மை. மீண்டும் அதே அழுகை. ஒரு மகள் தன் தந்தையின் சாவுச் செய்தியை நாள்தோறும் புதிதாகக் கேட்கும் கொடுமையை, உண்மை பேசுகிறேன் என்னும் பெயரில், நானே செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் அதனை நிறுத்தியவள் என் இளைய தங்கை. அவள் தாயாரின் அருகில் அமர்ந்து, "தாத்தா எப்படியிருப்பாரும்மா? உங்களுக்கு என்ன வாங்கித் தருவாரு?" என்று கேட்டாள். தாயாரின் முகம் மலர்ந்தது. தந்தையார் தம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு தோட்டத்துத் திருவிழாவுக்குப் போனதைச் சொன்னார். சொல்லி முடித்தபின் சோறு உண்டார், உறங்கினார். அவள் பொய்யொன்றும் சொல்லவில்லை. தாயார் நின்றுகொண்டிருந்த காலத்திற்குத் தானும் சென்று அருகில் நின்றாள். அவ்வளவுதான்.

அன்று தொடங்கி நாங்கள் கைக்கொண்ட முறைகளைச் சொல்கிறேன். வாதாடுவதில்லை, பேச்சை மெல்லத் திருப்புவது. ஒரு நேரத்தில் ஒரே செய்தியைச் சிறு வாக்கியமாகச் சொல்வது. எழுப்புதல், குளிப்பாட்டுதல், உணவு எல்லாம் நாள்தோறும் ஒரே நேரத்தில். இரவில் குளியலறை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அடுப்பு வாயுவை மூடிவைப்போம். சட்டையின் உட்புறத்தில் தொலைபேசி எண்ணைத் தைத்துவிட்டோம். விடியற்காலை நான்கு மணிக்கு அவர் எழுந்தால் தடுப்பதில்லை. தேநீர் கொடுத்து, வாளியையும் கொடுத்து, "அம்மா, இந்தச் செடிகளுக்குத் தண்ணி ஊத்துங்க" என்போம். வீட்டின் முன்புறம் இருந்த பன்னிரண்டு செம்பருத்திச் செடிகள் அவருடைய நிரையாயின. அதன்பின் அவர் சாலைக்குச் செல்லவில்லை.

மொழியையும் சொல்ல வேண்டும். இந்நோயில், பின்னர்க் கற்ற மொழிகள் முன்னதாக நழுவிப்போவது உண்டு. சந்தையில் மலாய் பேசி வாழ்ந்தவர் கடைசியில் தமிழை மட்டுமே அறிவார். வெளிநாட்டுப் பணிப்பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, "சாப்பிட மாட்டேன் என்கிறார்" என்று குறைகூறுவோர், அவருக்கு அந்தப் பேச்சுப் புரிகிறதா என்று ஒருமுறை எண்ண வேண்டும்.

பராமரிப்பவரையும் யார் பார்ப்பது?

மறதி நோயாளரைப் பராமரிப்பவர் பெரும்பாலும் ஒரு பெண். மகளாகவோ மருமகளாகவோ மனைவியாகவோ இருப்பார். அவர் உறக்கம் இழக்கிறார், வேலையை விடுகிறார், உறவினர் வீட்டு நல்லது கெட்டதுக்கும் போக முடிவதில்லை. வெளியூரிலிருந்து தீபாவளிக்கு வந்து இரண்டு நாள் தங்கும் அண்ணன் தம்பிமார், "அம்மா இளைச்சுட்டாங்களே, சரியாப் பார்க்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஆண்மக்களே, கேள்வி கேட்கும் உரிமை வேண்டுமானால், மாதத்தில் ஒரு வாரமாவது உங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள். அது இயலாதெனில், பராமரிப்பவருக்கு வாரம் ஒருநாள் ஓய்வு கிடைக்கப் பணமாவது அனுப்புங்கள். களைத்துப்போன கைதான் ஒருநாள் ஓங்குகிறது. நோயாளரைக் கட்டிப்போடுதல், அறையில் பூட்டுதல், அடித்தல் ஆகிய கொடுமைகள் நம் வீடுகளில் நடக்கவில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மால் இயலுமா?

உதவி கேட்பது இழுக்கன்று. அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் முதியோர் மன்றங்கள் உள்ளன. சமூக நல இலாகாவின் முதியோர் நடவடிக்கை மையங்கள் உள்ளன. உதவித் தொகைக்கும் அங்கு விசாரிக்கலாம். 1997-இல் தொடங்கப்பட்ட மலேசிய அல்ஸைமர் நோய் அறவாரியம் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து பராமரிப்பாளர்களுக்கு வழிகாட்டி வருகிறது.

சொத்தும் கைநாட்டும்

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நினைவு தவறிய தாயின் விரலைப் பிடித்துப் பத்திரத்தில் கைநாட்டு வைத்த பிள்ளைகளை நான் அறிவேன். அக்குடும்பங்கள் இன்று ஒன்றாகக் கோயிலுக்கு வருவதில்லை. 1959-ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி, நல்ல மனநிலையில் இல்லாதவர் எழுதும் உயில் செல்லாது. தெளிவாக இருந்தபோது கொடுத்த அதிகாரப் பத்திரமும், கொடுத்தவர் மனநிலை இழந்தபின் நிற்காது. அதன்பின் 2001-ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின்கீழ் உயர்நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். ஆகவே, நோயின் தொடக்கத்திலேயே, முதியவர் தெளிவாக இருக்கும்போதே, எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்து, அவர் விருப்பத்தைக் கேட்டு, வழக்கறிஞர்வழி எழுதிவைப்பது நலம். ஊழியர் சேமநிதியில் வாரிசுப் பெயர் உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்க.

வருமுன் காத்தல்

2024-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த அறிஞர் குழு, வாழ்நாளில் நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சீர்செய்தால், உலகில் மறதி நோயில் 45 விழுக்காடு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலக்கூடும் என்று அறிவித்தது. கல்விக் குறைவு, செவிக்குறை, பார்வைக் குறை, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடற்பருமன், உடலுழைப்பின்மை, புகை, மிகுகுடி, மனச்சோர்வு, தலைக்காயம், தனிமை, காற்று மாசு என்பன அவை. இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் தேவையில்லை. தேநீரில் சர்க்கரையைக் குறைப்பதும், இரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒழுங்காக உண்பதும், மாலையில் கோயில்வரை நடந்து வருவதும், மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் அணிவதும், காது கேளாதவருக்குக் கருவி வாங்கித் தருவதும் மூளையைக் காக்கும் செயல்களே. கள்ளுக்கடையும் சம்சுவும் நம் ஆண்களின் ஈரலை மட்டுமா கெடுத்தன?

மகிழ்ச்சியான செய்தியும் உண்டு. ஹைதராபாத்தில் 648 நோயாளரிடம் நடத்தப்பெற்று 2013-இல் வெளியான ஆய்வொன்றில், ஒருமொழி மட்டும் அறிந்தவர்களைவிடப் பன்மொழி பேசுவோருக்கு நோய் நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் அவ்வேறுபாடு இருந்தது. ஓர் ஆய்வே முடிந்த முடிபாகாது என்றாலும், தமிழும் மலாயும் ஆங்கிலமும் புழங்கும் நம் பிள்ளைகள், "தமிழ் எதற்கு?" என்று கேட்கும்போது சொல்ல ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

ஆலயத்தின் கடமை

நிர்வாகக் குழுவினரிடம் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, மாதம் ஒருமுறை அன்னதானத்திற்குப் பின் முதியோருக்கு இரத்தக் கொதிப்பு, சர்க்கரைச் சோதனை நடத்துக. ஓய்வுபெற்ற தாதியர் நம்மிடையே உள்ளனர். இரண்டு, மறதி நோய் கண்டவரைக் குடும்பத்தார் தயங்காமல் அழைத்துவர, கூட்டமில்லாத ஒரு காலை வேளையை ஒதுக்கி, அமர நாற்காலியும் துணைக்கு இளைஞர் பகுதியினரும் இருக்கச் செய்க. மூன்று, தேர்த் திருவிழா நாள்களில் வழிதவறும் முதியோரைக் காக்கப் பெயர் அட்டை வழங்குக. நான்கு, பராமரிக்கும் பெண்கள் கூடிப் பேச மாதர் பகுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்குக.

இது ஏன் ஆலயத்தின் கடமை? பெயரை மறந்தவர்களும் பாட்டை மறப்பதில்லை என்பதை நான் கண்டேன். என் தாயார் என் பெயரை இழந்த பின்னும், கோயில் மணி ஒலித்ததும் கைகூப்பினார். சிறுவயதில் தோட்டத்துக் கோயிலில் கேட்ட அம்மன் தாலாட்டை அடி பிசகாமல் முணுமுணுத்தார். மருத்துவத்தாலும் பிள்ளைகளாலும் எட்ட முடியாத இடத்தில் அது ஒன்று மட்டும் நின்றது. அத்தகையவரை, "கூட்டத்தில் ஏதாவது செய்துவிடுவார், வெட்கக்கேடு" என்று பின்னறையில் வைத்துப் பூட்டுவது எவ்வளவு பெரிய இழப்பு! வீட்டில் பெண் கொடுக்க மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள் என்று அஞ்சி நோயை மறைப்போரும் உள்ளனர். இது தொற்றுவதன்று. முதுமையில் வரும் மறதி நோயில் நேரடியாகப் பரம்பரையாக வருவது மிகச் சிலருக்கே.

என் தாயார் 2018-இல் இறைவனடி சேர்ந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், நான் அவருக்கு இரத்தக் கொதிப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது என்னை உற்றுப் பார்த்து, "டிரெசர் ஐயா, எம் பெரிய மவன் வந்தா, அம்மா சாப்பிட்டுட்டாங்கன்னு சொல்லுங்க. அவன் கவலைப்படுவான்" என்றார். மகனை மறந்தவர், மகனுக்குத் தம்மேல் கவலை உண்டு என்பதை மறக்கவில்லை. "சொல்றேம்மா" என்றேன். அன்று நான் அவரைத் திருத்தவில்லை.

உங்கள் வீட்டில் அத்தகைய முதியவர் ஒருவர் இருந்தால், இன்று திரும்பிச் சென்றதும் அவர் அருகில் சற்று நேரம் அமருங்கள். அவர் ஒரே கேள்வியைப் பத்தாம் முறை கேட்டால், முதல் முறை கேட்டதுபோல் விடை சொல்லுங்கள். அடுத்த திருவிழாவிற்கு அவரையும் கைப்பிடித்து அழைத்து வாருங்கள்.